வெற்று நேரம், இருபது நிமிடம்

பணி நாள் 187
செப்டம்பர் 12, 09:10, இந்திய நேரம்

நிலவின் தென்முனை, இரண்டாம் பனிச்சுரங்க நிலையம். ஆள் எண்ணிக்கை: ஒன்று. பெயர்: ஜெசிந்தா கொரைரா, நிலையக் காப்பாளர். ஊர் தூத்துக்குடி.

உள்வெப்பம் 22 டிகிரி. மின்சாரம் சரி. தண்ணீர் சரி. மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி இயந்திரங்கள் இரண்டும் ஓடுகின்றன. சுரங்க எந்திரங்கள் தாங்களே பனியைத் தோண்டி, தாங்களே உருக்கி, தாங்களே தொட்டியில் நிரப்பிக்கொள்கின்றன. தினமும் பதினொரு மணிக்கு ஒரு படிவத்தை நிரப்பிக் கரைக்கு அனுப்புவதுதான் என் வேலை. பூமியை இங்கே கரை என்றுதான் சொல்கிறோம். சொல்கிறோம் என்ன, சொல்கிறேன். இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

கரையில் அந்தப் படிவத்தை வாங்கிப் பதிவது ஒரு பாட். மனிதர் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை அப்படியே செய்யும் மென்பொருள். எழுதியவள் நான்தான். பராமரிப்பு அலுவலகத்தில் பதினொரு பேர் பார்த்த வேலையைப் பதினொரு பாட்களுக்கு மாற்றினேன். எட்டே மாதம். கேக் வெட்டினார்கள். எல்லோருடைய வேலையையும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் என் வேலையும் முடிந்திருந்தது. மிச்சமிருந்தது இந்தக் காப்பாளர் பதவி ஒன்றுதான். இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தக் குறிப்பேடும் அப்படித்தான். நான் எழுதாத நாளில் நிலையமே கரைப் பதிவைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அந்த விதியும் என் கைவேலை. அடுத்து வரும் காப்பாளர் படிப்பாரே என்று முடிந்தவரை நானே எழுதுகிறேன்.

பணி நாள் 190
செப்டம்பர் 15, 11:20

இரண்டாம் வடிகட்டி நின்றுவிட்டது. திறந்தால் மோட்டார் கருகிய வாடை. கையிருப்பில் மாற்று மோட்டார் இல்லை. முதல் வடிகட்டி ஓடுகிறது. இரண்டும் மாறி மாறி ஓய்வெடுத்து ஓட வேண்டியவை. ஒன்றே இரவு பகலாக ஓடினால் எத்தனை நாள் தாங்கும் என்று கையேட்டில் இல்லை.

அதுவும் போனால் அவசர டப்பாக்கள் பத்து இருக்கின்றன. ஒரு டப்பா இரண்டு நாளுக்கு வரும். சரக்குக் கப்பல் தயாராக இருபத்தோரு நாள், இங்கே வந்து சேர ஐந்து நாள். இன்றைக்குச் சொன்னால் தாராளமாக நேரம் இருக்கிறது. படிவத்தில் 'காற்று: பழுது' என்று போட்டு, குறிப்புப் பகுதியில் விவரம் எழுதி அனுப்பினேன். பதற்றம் ஒன்றுமில்லை.

15:40

கரையிலிருந்து பதில்: "இரண்டாம் நிலைய அறிக்கை பெறப்பட்டது. காற்று: இயல்பு. நன்றி. இனிய நாளாக அமையட்டும்."

15:43

இயல்பா? யாருக்கு இயல்பு?

பணி நாள் 191
செப்டம்பர் 16, 16:10

மறுபடி அனுப்பினேன். குறிப்புப் பகுதியில் இந்த முறை நான்கு வரி, கொஞ்சம் காரமாகவே. 15:40-க்கு அதே பதில். அதே இனிய நாள்.

பேசிவிடலாம் என்றால் குரல் இணைப்பு கரையிலிருந்துதான் திறக்கும். இங்கே அழைப்பை எடுக்கலாம், போடமுடியாது. அதனால் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் காரணம் புரிந்தது.

அந்த பாட் மென்பொருளுக்குத் தணிகை என்று பெயர். யாரைப் பார்த்து எழுதுகிறோமோ அவர் பெயரை வைப்பது எங்கள் அலுவலக வழக்கம், வேலை போகிறவருக்கு ஒரு மரியாதை மாதிரி. இது அறிக்கைப் பிரிவுத் தணிகாசலம் சாரைப் பார்த்து எழுதியது. இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு மூன்று வாரம் உட்கார்ந்தேன். திரையில் அவர் தொட்ட ஒவ்வொன்றையும் பதிவு செய்தேன்.

அலுவலக மென்பொருள் அரதப் பழசு. 'காற்று' என்ற கட்டத்தில் அதற்கு 'இயல்பு' என்ற ஒரே சொல்தான் தெரியும். இதை மாற்றித் தாருங்கள் என்று அந்தப் பிரிவில் ஆறு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்களாம். வேறு சொல் வந்தால் ஒரு சிவப்புப் பெட்டி முளைக்கும். பதிய விடாது. தணிகாசலம் சார் என்ன செய்வார்? நேற்றைய சொல்லையே போட்டுப் பதிவார். பிறகு மூன்று நாற்பதுக்கு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார், இருபது நிமிடம். குறிப்புப் பகுதியில் அவர் எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் எழுதிய விதி இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. "விதி 14: தெரியாத சொல் வந்தால், அல்லது சொல்லே வராவிட்டால், நேற்றுள்ளபடியே பதிக. 15:40 முதல் 16:00 வரை வெற்று நேரம், இருபது நிமிடம். நீக்குக." இந்தக் குறிப்பேட்டுக்கும் இதே விதியைத்தான் போட்டேன்.

அந்தக் கடைசி வரியைக் கூட்டத்தில் எல்லோருக்கும் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். தினம் இருபது நிமிடம் மிச்சம் என்று கைதட்டினார்கள். தணிகாசலம் சாரும்தான் தட்டினார்.

பணி நாள் 196
செப்டம்பர் 21, 17:00

மற்ற பாட்களிடம் முட்டிப் பார்க்கிறேன். எல்லாம் நான் பெற்ற பிள்ளைகள், ஒன்றாவது அம்மா பேச்சைக் கேட்காதா என்று பார்த்தால் ஊஹூம்.

மருத்துவப் படிவம் அனுப்பினேன். "தலைவலிக்குத் தண்ணீர் அதிகம் குடிக்கவும்." ராஜினாமாக் கடிதம் அனுப்பினேன். "ஏற்கப்பட்டது. முன்னறிவிப்புக் காலம் தொண்ணூறு நாள். அடையாள அட்டையை நேரில் ஒப்படைக்கவும்." கடைசியில் எனக்கு நானே மரண அறிவிப்பு அனுப்பினேன். "இறந்தவரே சமர்ப்பிக்க இயலாது. நிலையத்தில் உள்ள மற்றொரு பணியாளர் கையெழுத்திடவும்."

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அழுதேன்.

தங்கை மெர்லினுக்கு எல்லாவற்றையும் விவரமாகக் கடிதம் எழுதினேன். வீட்டுக் கடிதங்களில் தொழில்நுட்ப ரகசியம் வெளியே போகாமல் வெட்டுவது ஏழாவது பாட். அதை மறந்தே போனேன். மெர்லினிடமிருந்து இன்று பதில் வந்தது: "அக்கா, ரெண்டே வரிதான் எழுதிருக்க. அவ்ளோ வேலையா? நீ சுகமா இருக்கன்னு தெரிஞ்சதே சந்தோசம். இங்க நல்ல மழ."

பணி நாள் 205
செப்டம்பர் 30, 12:30

முதல் வடிகட்டியும் நின்றுவிட்டது. இரண்டையும் பிரித்துப் போட்டு ஒன்றாக்கப் பார்த்தேன். இரண்டிலும் அதே பாகம்தான் கருகியிருக்கிறது.

முதல் டப்பாவைத் திறந்தேன். அக்டோபர் 20 வரை மூச்சு விடலாம். இன்றே சொல்லி இன்றே தொடங்கினாலும் புதிய கப்பல் 26-ஆம் தேதிதான் வரும். ஆனால் சரக்கு அட்டவணைப்படி ஏவுதளத்தில் ஏற்கெனவே ஒரு கப்பல் நிற்கிறது. வடக்கு நிலையத்துக்குப் போக வேண்டியது. சரக்கு ஏற்றியாகிவிட்டது, வடிகட்டி உதிரிபாகங்களும் அதில் இருக்கின்றன. அக்டோபர் 12 காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது. அதை இங்கே திருப்பிவிட்டால் 17-ஆம் தேதி வந்துவிடும். மனிதர் யாராவது ஒருவர் அதற்கு முன் என் படிவத்தைக் கண்ணால் பார்த்தால் போதும்.

அப்படி ஒரு நாள் இருக்கிறது. அக்டோபர் 9, ஆயுத பூஜை. எங்கள் அலுவலகத்தில் அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. கருவி என்றால் பாட்களும்தான். இதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. மாதா கோயில் கொடி பார்த்து வளர்ந்த பரவர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் பொரியும் கடலையும் யார் கொடுத்தாலும் வாங்குவேன். பாட்கள் ஓடும் சர்வரை மட்டும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மறுநாள் விஜயதசமி காலை ஆறு மணிக்குத்தான் திரும்ப எழுப்புவார்கள்.

அலுவலகத்தில் இப்போது மிஞ்சியிருக்கும் மனிதர் தணிகாசலம் சார் மட்டும்தான். வாரம் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜைக்கு வராமல் இருக்கமாட்டார். வந்தால் என் படிவம் நேராக அவர் திரையில் விழும். அவர் வந்தாக வேண்டும்.

பணி நாள் 214
அக்டோபர் 9, 06:00

அனுப்பினேன். இனி அரைமணிக்கு ஒருமுறை அனுப்புவேன்.

13:00

பதில் இல்லை. 'இனிய நாளாக அமையட்டும்' இல்லை. அதுவே பெரிய சந்தோஷம். பாட்கள் தூங்குகின்றன.

15:40

மணி அடித்தது. நூற்றுச் சொச்சம் நாட்களாக அடிக்காத குரல் இணைப்பின் மணி. பதிவை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"ஹலோ, ஜெசிந்தாம்மாவா? தணிகாசலம் பேசறேன். என்னம்மா ஆச்சு?"

"சார். வடிகட்டி ரெண்டும் போச்சு சார். இன்னும் பதினோரு நாளைக்குத்தான் இருக்கு."

"எப்பலேர்ந்தும்மா?"

"செப்டம்பர் பதினஞ்சுல இருந்து தினம் அனுப்பிக்கிட்டே இருக்கேன் சார்."

"இங்க எல்லா நாளும் இயல்புன்னு இருக்கே."

"அது நீங்க செய்யிறதுதான் சார். தெரியாத வார்த்த வந்தா நேத்துள்ளதப் போடுவீங்கல்ல. அதத்தான் எழுதி வச்சேன்."

பேச்சு போய்த் திரும்ப எப்போதும் இரண்டரை விநாடி ஆகும்.

"ஆமாம்மா, போடுவேன். தினம் ஏதாச்சும் ஒரு ஸ்டேஷன்லேர்ந்து அப்படி வரும். போடலன்னா பதியாது. போட்டுட்டு எழுந்து வராண்டாவுக்குப் போயி ஸ்டேஷனுக்கு போன் பண்ணுவேன். என்ன ஆச்சுன்னு கேப்பேன். ஏதாச்சும்னா நேரா இன்ஜினியர் ரூமுக்கு ஓடுவேன். அதையும் எழுதியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

"டீ குடிக்கப் போறீங்கன்னு நெனச்சேன் சார்."

"எனக்கு சுகரும்மா. நான் டீயே குடிக்கறதில்ல."

"ஏன் சார் அப்பவே சொல்லல?"

"நீங்க ஸ்கிரீன்ல பண்றத மட்டும் காட்டுங்க சார்னீங்க. கேட்டதக் காட்டினேன்."

பதிவு இத்தோடு போதும். மீதியில் நான் அழுதது மட்டும்தான் இருக்கிறது. கப்பலைப் பற்றிச் சொன்னேன். "நீங்க படுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். இந்த ஒரு மாதத்தில் ஒரு மனிதர் என்னிடம் சொன்ன முதல் ஆறுதல் வார்த்தை அது.

பணி நாள் 215
அக்டோபர் 10, 15:40

அழைத்தார். நேற்று சாயங்காலமே கப்பலைத் திருப்பக் கோரி அனுப்பிவிட்டாராம். தலைமை அலுவலகத்தில் கப்பல் ஒதுக்குவதும் பாட்தான். என்னுடையது இல்லை, என் வேலையைப் பார்த்து ஆசைப்பட்டு அவர்கள் செய்துகொண்டது. இன்று காலை பதில்: "இரண்டாம் நிலையம், காற்று: இயல்பு. அவசரக் கப்பல் தேவையில்லை."

என் பழைய நாட்களின் பதிவைத் தன் கையாலேயே 'பழுது' என்று திருத்தப் பார்த்திருக்கிறார். சிவப்புப் பெட்டி. விடாமல் நாற்பது தடவை அடித்தேன் என்றார். காலை ஆறு மணிக்குத் தணிகை எழுந்து, நேற்று நான் அனுப்பிய அத்தனையையும் வாரி எடுத்து 'இயல்பு' என்று பதிந்துவிட்டது. பூஜை முடிந்து நல்ல நேரத்தில் எழுப்புகிற விதியும் என்னுடையதுதான்.

"நான் நேர்லயே போறேம்மா. ராத்திரி பஸ்ஸுக்கு சீட்டு இருக்கு. யாராச்சும் மனுஷன் இருப்பான்ல?"

பணி நாள் 217
அக்டோபர் 12, 06:00

கப்பல் கிளம்பிவிட்டது. சரக்கு அட்டவணையில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். வடக்கு நிலையம்.

15:40

தலைமை அலுவலக வாசலிலிருந்து, அலுவலகக் கைபேசி வழியாக இணைப்பைத் திறந்து பேசினார். எட்டு மாடி. இரண்டு நாளாக வரவேற்பறைத் திரையோடு மல்லுக்கு நிற்கிறார். வந்த காரணம் கேட்கிறதாம். சொன்னால் நன்றி சொல்கிறதாம். குரல் கம்மிவிட்டது. சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டேன். திரும்ப உள்ளே போகிறேன் என்றார்.

பணி நாள் 218
அக்டோபர் 13, 15:40

மனிதர் ஒருவர் கிடைத்துவிட்டார். நான்காவது மாடி, பெண் அதிகாரி. கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். உடனே எல்லாம் செய்தார்களாம். போன கப்பலைத் திருப்ப எரிபொருள் போதாது. புதிய கப்பலை இரவு பகலாகத் தயார் செய்து அக்டோபர் 27-ல் ஏவுவார்களாம். நவம்பர் 1 இங்கே இறங்கும்.

என் டப்பா 20-ஆம் தேதியோடு தீர்கிறது. அசையாமல் படுத்திருந்தால் ஒரு நாள் கூடலாம். இரண்டு நாள் கூடலாம். பன்னிரண்டு நாள் கூடாது.

"ஒரே நாளும்மா. ஒரு நாள் முன்னாடி அந்தப் பொண்ணப் பாத்திருந்தா..."

அவரைத் தேற்றினேன். வேடிக்கைதான்.

பணி நாள் 222
அக்டோபர் 17, 15:40

கரியமில வாயு 3 சதவீதம். டப்பாவைச் சிக்கனம் பிடிக்கிறேன். தலை வெடிக்கிறது. எழுத்து ஆடுகிறது, இரண்டு தடவை தட்டுகிறேன்.

சார் மெர்லினை அலுவலகத்துக்கே வரவழைத்திருந்தார்.

"யக்கா, அந்தப் பச்ச சேல ஒன்ட்டதான இருக்கு?"

"என்ட்ட இல்ல. நீதான் எடுத்துட்டுப் போன."

"பொய் சொல்லாத. நான் எடுக்கவே இல்ல."

"ஒன் பீரோவுல மேல் தட்டுல பாரு போ."

சண்டை போட்டோம், பழையபடி. முடித்துவிட்டு அவள் ஓவென்று அழுதாள். எனக்கு மூச்சு வாங்கியதால் அழமுடியவில்லை. சேலை என்னிடம்தான் இருக்கிறது. இங்கே, பெட்டிக்குள். வாசனைக்காகக் கொண்டு வந்தேன். அவளிடம் சொல்லியிருக்கலாம்.

பணி நாள் 224
அக்டோபர் 19, 14:50

கடைசி டப்பா. கரியமில வாயு 4.6. விளிம்புகள் மங்கல்.

காலையில் படிவம் அனுப்பினேன். பழக்கம். 'காற்று: பழுது.' போடாமல் விட மனசு வரவில்லை.

சாவு பயம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். அதைவிட எரிச்சல்தான் அதிகம். மூன்று வாரம் அந்த மனிதர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தினமும் மூன்று நாற்பதுக்கு எழுந்து போனார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பின்னாலேயே போயிருந்தால் வராண்டா. போன். என்னம்மா ஆச்சு என்று கேட்பது காதில் விழுந்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடிகாரம் பார்த்தேன்

இதைப் படிக்கிறவருக்கு. யார் வேலையையாவது மென்பொருளுக்கு மாற்ற உட்கார்ந்தால். அவர் எழுந்து போனால் நீங்களும் எழுந்து போங்கள். எங்கே போகிறார் என்று பாருங்கள். கேளுங்கள். திரையில் ஒன்றும் இல்லை

பச்சைச் சேலை மெர்லினுக்கு

15:40

மணி அடிக்கிறது. கை எட்ட

இருங்க சார் வர்றேன்

பணி நாள் 225
அக்டோபர் 20, 11:00. தானியங்கிப் பதிவு

காப்பாளர் படிவம் வரவில்லை. விதி 14-இன்படி, கரைப் பதிவில் நேற்றுள்ளபடியே பதியப்பட்டது. ஆள் எண்ணிக்கை: ஒன்று. காற்று: இயல்பு.

15:40 கரையிலிருந்து குரல் அழைப்பு. எடுக்கப்படவில்லை.
16:00 அழைப்பு முடிந்தது.

பணி நாள் 226
அக்டோபர் 21, 11:00. தானியங்கிப் பதிவு

நேற்றுள்ளபடியே. ஆள் எண்ணிக்கை: ஒன்று. காற்று: இயல்பு.

15:40 கரையிலிருந்து குரல் அழைப்பு. எடுக்கப்படவில்லை.
16:00 அழைப்பு முடிந்தது.

பணி நாள் 231
அக்டோபர் 26, 11:00. தானியங்கிப் பதிவு

நேற்றுள்ளபடியே. ஆள் எண்ணிக்கை: ஒன்று. காற்று: இயல்பு.

15:40 கரையிலிருந்து குரல் அழைப்பு. எடுக்கப்படவில்லை.
16:00 அழைப்பு முடிந்தது. ஏழு நாட்களாக ஒரே நேரத்தில் அழைப்பு. திரையில் செயல்பாடு எதுவும் இல்லை. வெற்று நேரம், இருபது நிமிடம். நாளை முதல் நீக்கப்படும்.